உஷார்! போரேஜ் இலையைக் கீரையாக்காதீர்கள்

உங்கள் தோட்டத்தில் போரேஜ் செடி நிற்கிறதா? இலையைக் கிள்ளிச் சட்டியில் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே வாரத்துக்கு இரண்டு நாள் பொரியலும் கூட்டுமாக ஓடிக்கொண்டிருந்தால், இன்றைக்கு அந்தக் கீரையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள். வீட்டில் கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், சின்னக் குழந்தை, கல்லீரல் கோளாறு உள்ளவர் என்று யாராவது இருந்தால், அவர்கள் தட்டுக்கு இந்த இலை போகவே கூடாது.

செடியைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. போரேஜ் அழகான செடி, தோட்டத்துக்கு உதவும் செடி. லண்டனில் நான் பயிர் வைத்திருக்கும் அலாட்மென்ட் என்ற வாடகைத் தோட்ட நிலத்தில் ஜூன் பிறந்தால் வேலியோரம் முழுக்க நீலம்தான். ஐந்து இதழ், நட்சத்திர வடிவம், நடுவில் கறுத்த கூம்பு. பூக்கள் தலை கவிழ்ந்து தொங்கும். இளஞ்சிவப்பு மொட்டு விரிய விரிய நீலமாகும். தேனீக்கள் விடியலிலிருந்து சாயங்காலம் வரை விலகுவதே இல்லை. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள்தான் இதன் தாயகம். அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவி, இன்றைக்கு இங்கே எந்த விதைக் கடைக்குப் போனாலும் கிடைக்கிறது. இந்தியாவிலும் இணையத்தில் விதைப் பாக்கெட் விற்கிறார்கள். மாடித்தோட்டக்காரர்கள் வாங்கிப் போடுகிறார்கள்.

சிக்கல் அந்தப் பாக்கெட்டிலேயே தொடங்குகிறது. ‘பூவும் இலையும் உண்ணலாம்’ என்று போட்டிருப்பார்கள். இங்கிலாந்துக்காரர் அதைப் படித்தால் என்ன செய்வார்? பிம்ஸ் என்ற கோடைக்கால மதுபானக் கோப்பையில் இரண்டு பூ மிதக்கவிடுவார். ஐஸ் கட்டிக்குள் ஒரு பூவை வைத்து உறைய வைப்பார். சாலட்டில் வெள்ளரி வாசனைக்கு ஒரு பிஞ்சு இலையைப் பொடியாக நறுக்கித் தூவுவார். கோடைக்காலத்தில் ஏதோ சில நாள் நடக்கும் காரியம் அது. நம் வீட்டில் ‘உண்ணலாம்’ என்றால் ஒரு கட்டு என்று பொருள். ஆய்ந்து, அலசி, பருப்போடு வேகவைத்துக் கடைவோம். மிஞ்சினதை ராத்திரி தோசைக்குத் தொட்டுக்கொள்வோம். பிடித்துப் போனால் செடி இருக்கும்வரை விடமாட்டோம். சளி பிடித்தால் அதே இலையில் கஷாயம் வைப்போம். கீரை என்றாலே உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கை நமக்கு ரத்தத்தில் ஊறியது. அரைக்கீரை, முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி விஷயத்தில் அந்த நம்பிக்கை நம்மைக் காப்பாற்றியும் இருக்கிறது. போரேஜ் விஷயத்தில் அதே நம்பிக்கைதான் ஆபத்து.

போன கோடையில் பக்கத்து நிலத்து யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் போரேஜ் இலைகளைக் கூடை நிறையப் பறித்துக்கொண்டிருந்தார். “தங்கச்சி, இது நல்ல கீரை போலக் கிடக்கு. கொஞ்சம் சுணை இருக்கு, அவிச்சா போயிடும். தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தால் பிள்ளையளும் சாப்பிடுவினம்” என்றார்.

“வேண்டாம் அக்கா, வச்சிடுங்க. அது கல்லீரலுக்கு ஆகாது” என்றேன்.

“ஏன், பைக்கற்றிலை சாப்பிடலாம் எண்டு போட்டிருக்கே?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எவ்வளவு சாப்பிடலாம், எத்தனை நாள் சாப்பிடலாம், யார் சாப்பிடக் கூடாது என்று எந்தப் பாக்கெட்டிலும் பார்த்த நினைவு எனக்கு இல்லை. அவர் சொன்னதுபோலச் சுணை வெந்தால் அடங்கிவிடும். அடங்காத ஒன்று இலைக்குள் இருக்கிறது.

அதன் பெயர் பைரோலிசிடின் ஆல்கலாய்டு. பூச்சியும் விலங்கும் தின்னாமலிருக்கச் செடி தனக்குத்தானே தயாரித்துக்கொள்ளும் ரசாயனக் கூட்டம் இது. போரேஜில் லைகாப்சமைன், இன்டர்மெடின், அமாபிலைன் என்று சில வகைகள் உள்ளன. இவை நேரே நம்மைத் தாக்குவதில்லை. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகின்றன. உள்ளே வரும் வேண்டாத பொருட்களைப் பிரித்து வெளியேற்றுவதற்காகக் கல்லீரலில் இருக்கும் நொதிகள் இவற்றின் மேல் வேலை செய்யும்போதுதான் வினையே. வந்ததைவிடப் பன்மடங்கு மூர்க்கமான பொருளாக அது மாறி, பக்கத்திலிருக்கும் புரதங்களிலும் மரபணுவிலும் ஒட்டிக்கொள்கிறது. கல்லீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவர் முதலில் அடிபடும். குழாய்கள் வீங்கி அடைபடும். ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கி, கல்லீரல் பெருத்து, வயிற்றில் நீர் கோக்கும். ஒரேயடியாக நிறைய உள்ளே போனால் நடப்பது இது. கொஞ்சம் கொஞ்சமாக மாதக்கணக்கில் போனாலும் கல்லீரல் தழும்பேறி இறுகும். விலங்குகளில் நடத்திய சோதனைகளில் இந்த வகை ஆல்கலாய்டுகள் புற்றுநோயையும் உண்டாக்கியிருக்கின்றன.

எவ்வளவு போனால் கவலை? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் இதைக் கணக்கிட்டது. விலங்குச் சோதனையில் புற்றுநோய் தலைகாட்டும் அளவைத் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்டது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 237 மைக்ரோகிராம் அது. அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் பொதுமக்களுக்குப் பெரிய கவலை இல்லை என்பது அவர்கள் வழக்கம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு சுமார் 1.4 மைக்ரோகிராம் வரும். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இனி இலைக்கு வருவோம். பைரோலிசிடின் ஆல்கலாய்டுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த உச்சவரம்புகள் 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. டீ, மூலிகை, சீரகம் வரிசையில் போரேஜுக்குத் தனி வரியே இருக்கிறது. கடையில் விற்கும் பச்சை இலையில் கிலோவுக்கு 750 மைக்ரோகிராம், காய்ந்த இலையில் 1,000 மைக்ரோகிராம். அதற்கு மேல் போனால் விற்கக் கூடாது. சரி, சட்டத்தின் உச்சவரம்பில் நிற்கும் பச்சை இலையை ஆளுக்கு 100 கிராம் வீதம் கூட்டு வைத்துச் சாப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 75 மைக்ரோகிராம். மேலே சொன்ன 1.4-ஐப் போல ஐம்பது மடங்குக்கு மேல்! அந்த 1.4-க்குள் அடங்க வேண்டுமானால் இரண்டு கிராம் இலைகூடச் சாப்பிட முடியாது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதிலும் ஆறில் ஒரு பங்கு.

1.4 மைக்ரோகிராமைத் தாண்டிய அன்றைக்கே யாரும் விழுந்துவிடமாட்டார்கள். ஆயுள் முழுக்கத் தினமும் உள்ளே போனாலும் கவலை வேண்டாம் என்று சொல்வதற்கான அளவு அது. ஒருநாள் ஒருவேளை தெரியாமல் சாப்பிட்டவர்கள் இரவு முழுக்கத் தூங்காமல் கிடக்கத் தேவையில்லை. நான் அலறுவது அடிக்கடி சாப்பிடுகிறவர்களுக்காக. கடைக்கு வரும் இலையைச் சோதிக்க ஆய்வகமாவது உண்டு. உங்கள் தொட்டியில் நிற்கும் இலையைச் சோதிக்க யார் இருக்கிறார்கள்? செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் இந்த அளவு மாறும். தின்று பார்த்தும் முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த ஆல்கலாய்டு கூட்டம் மனிதரை என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1970-களின் நடுவில், இன்றைய சத்தீஸ்கரில் இருக்கும் சர்குஜா மாவட்டத்தில் மக்களுக்குத் திடீர் திடீரென வயிறு வீங்கியது. நீர் கோத்தது. பாதிக்கப்பட்ட 67 பேரில் 28 பேர் இறந்துபோனார்கள். மருத்துவர்கள் தேடிக்கொண்டு போனபோது காரணம் அவர்கள் அன்றாடம் சாப்பிட்ட சாமையில் இருந்தது. வயலில் களையாக வளர்ந்த கிலுகிலுப்பை இனச் செடி ஒன்றின் விதை தானியத்தோடு கலந்து அரைபட்டுச் சோற்றுக்கு வந்திருந்தது. 1976-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இது வெளியானது. அதே காலகட்டத்தில் ஆப்கானிஸ்தானின் வடமேற்கில் இரண்டு ஆண்டு வறட்சிக்குப் பின் விளைந்த கோதுமையில் ஒரு களையின் விதை கலந்தது. சுமார் 7,200 பேர் வசித்த கிராமங்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கல்லீரல் பாதிப்பின் அடையாளம் தெரிந்தது. அந்தக் களை போரேஜின் சொந்தக்காரச் செடி, ஒரே தாவரக் குடும்பம். ஜமைக்காவில் குழந்தைகளுக்குக் காட்டு இலைகளைக் கொதிக்கவைத்து ‘புஷ் டீ’ என்று கொடுத்த வழக்கம் கல்லீரலைக் குலைத்ததை 1950-களிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அதுவும் கிலுகிலுப்பை இனம்தான். கொடுத்தவர்கள் எல்லோரும் பெற்ற தாய்மார்கள், உடம்புக்கு நல்லது என்று நம்பிக் கொடுத்தவர்கள்.

அந்த மூன்று ஊரிலும் கொன்றது போரேஜ் என்று நான் சொல்லவில்லை. அந்தச் செடிகளில் இருந்த வகைகள் போரேஜில் இருப்பதைவிடக் கடுமையானவை, அளவும் அதிகம். ஆனாலும் பிறந்த கூட்டம் ஒன்று, குறிவைக்கும் உறுப்பு ஒன்று.

“ஸ்பெயின்காரர் காலங்காலமாகச் சாப்பிடுகிறாரே?” என்று கேட்பவர்கள் உண்டு. சாப்பிடுகிறார்கள். அரகோன், நவாரா, ரியோஹா பகுதிகளில் போரேஜ் குளிர்காலக் காய்கறி; அவர்கள் பெரும்பாலும் தண்டைத்தான் உரித்து, உருளைக்கிழங்கோடு வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். இத்தாலியின் லிகூரியாவில் பான்சோத்தி என்னும் மாவுப் பொட்டலத்துக்குள் மற்றக் கீரைகளோடு இதுவும் போகும். ஜெர்மனியில், பிராங்க்ஃபர்ட்டின் பச்சைச் சாஸில் சேரும் ஏழு இலைகளில் போரேஜ் ஒன்று. இதெல்லாம் உண்மை. ஆனால் இந்த ஆல்கலாய்டுகளுக்குக் கிடுக்கிப்பிடி போட்டதும் அதே ஜெர்மனிதான். மூலிகை மருந்து வழியாக ஒருவர் உடம்புக்குள் ஒரு நாளில் ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது, அதையும் ஆண்டுக்கு ஆறு வாரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று 1992-இலேயே கட்டுப்பாடு வைத்தார்கள். மெல்ல மெல்லச் சேரும் கேட்டைப் பாரம்பரியம் கண்டுபிடித்துச் சொல்லாது. பத்து வருஷம் கழித்து வரும் கல்லீரல் நோய்க்கு, அன்று தின்ற கீரையை எந்தப் பாட்டியும் காரணமாகச் சொல்லியிருக்க வழியில்லை.

வேகவைத்தால் போய்விடாதா என்பது அடுத்த கேள்வி. நம்பாதீர்கள். கொதிக்கும்போது ஒரு பகுதி தண்ணீரில் இறங்கும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரையும் ரசத்தில் ஊற்றும் பழக்கம் நமக்கு. கஷாயம் என்றால் இன்னும் மோசம். இலையில் இருப்பதை இறக்கிக் குடிப்பதற்குத்தானே கஷாயமே வைக்கிறோம்! காயவைத்துப் பொடி செய்து டப்பாவில் வைத்துக்கொள்வதும் தப்பிக்கும் வழி ஆகாது. இலை சுருங்கிப் போவதால் ஒரு தேக்கரண்டியில் நம்மையறியாமல் கூடுதல் இலை உள்ளே போகும்.

இனி ஆள்மாறாட்டக் கதைக்கு வருகிறேன். எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான்.

முதல் ஆள்மாறாட்டம் நம் வீட்டு வாசலிலேயே நடக்கிறது. கற்பூரவல்லியை, ஓமவல்லி என்றும் சொல்வோமே, ஆங்கிலத்தில் ‘இந்தியன் போரேஜ்’ என்று எழுதுகிறார்கள். இரண்டுக்கும் உறவே கிடையாது. கற்பூரவல்லி துளசி, புதினா குடும்பம். சளி பிடித்த பிள்ளைக்கு அதன் இலையை வாட்டிச் சாறு பிழிந்து தேனில் குழைத்துக் கொடுப்பது நம் வழக்கம். வெளிநாட்டுக்கு வந்த இளம் தாய் ஒருத்தி, ஊரில் அம்மா கொடுத்த அந்தச் சாற்றை நினைத்து இணையத்தில் தேடி, ‘போரேஜ்’ என்று எழுதிய விதைப் பாக்கெட்டை வாங்கி முளைக்கவைத்து, அந்த இலையைப் பிழிந்து கைக்குழந்தைக்குப் புகட்டினால்? நினைத்தாலே பதறுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பச்சைக் குழந்தைகூடப் பிரித்துவிடும். கற்பூரவல்லி இலை தடித்துச் சதைப்பற்றோடு இருக்கும், ஒடித்தால் பட்டென்று முறியும், ஓம வாசனை மூக்கைத் துளைக்கும். நாம் அதைக் கிளை ஒடித்து நட்டு வளர்ப்போம். உறைபனி பட்டால் கருகிவிடும். போரேஜ் இலை நீளமாக, ஓரம் நெளிந்து, விறைத்த வெள்ளை மயிரோடு சொரசொரவென்று இருக்கும். கசக்கினால் வெள்ளரி வாசம். விதை சுருக்கம் விழுந்த கறுப்பு. பாக்கெட்டைப் பிரித்ததும் அப்படி விதை கொட்டினால் உங்கள் கையில் இருப்பது கற்பூரவல்லி ஆகாது.

இரண்டாவது ஆள்மாறாட்டம் உயிரையே கொண்டுபோகக் கூடியது. ஃபாக்ஸ்குளோவ் என்று ஒரு பூச்செடி. மணி மணியாக இளஞ்சிவப்புப் பூக்கள் ஒரே தண்டில் அடுக்கியிருக்கும். இங்கிலாந்தில் காட்டோரமெல்லாம் தானாக முளைக்கும். உதகை, கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களின் தோட்டங்களில் அழகுக்காக வைப்பதுண்டு. பூத்துவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள். அது முதல் ஆண்டு பூக்காது, தரையோடு இலை விரித்துக் கிடக்கும். போரேஜும் சின்ன வயதில் அப்படித்தான் கிடக்கும். ஃபாக்ஸ்குளோவின் உடம்பு முழுக்க இதயத்தைத் தாக்கும் விஷம். வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் 1785-இல் இதன் இலையை இதய மருந்தாக எழுதிவைத்தார். டிஜாக்சின் என்ற இதய மாத்திரை இதே இனச் செடியிலிருந்து வந்தது. அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் அந்த மருந்து ஆளைக் கவிழ்த்துவிடும் என்பது எந்த இதய மருத்துவருக்கும் தெரியும். கைப்பிடி இலையில் எவ்வளவு இருக்கும் என்று யார் அளப்பார்கள்? இத்தாலியில் ஒரு குடும்பம் முழுவதும் ஒரே சாப்பாட்டில் விஷமேறி மருத்துவமனைக்குப் போனது 2009-இல் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. உருளைக்கிழங்கு உருண்டையில் போரேஜ் என்று நினைத்து ஃபாக்ஸ்குளோவ் இலையைச் சேர்த்திருந்தார்கள். போரேஜைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடும் நாட்டுக்காரர்களே ஏமாறுகிறார்கள் என்றால், நேற்றுப் பழகிய நாம் எம்மாத்திரம்?

தொட்டுப் பாருங்கள். போரேஜ் இலையின் மயிர் விறைப்பாக இருக்கும், விரலில் குத்தும். ஃபாக்ஸ்குளோவ் இலை மெத்தென்று இருக்கும், அடிப்பக்கம் சாம்பல் பூத்தாற்போல வெண்மை. இலை ஓரத்தில் சின்னச் சின்னப் பல். இலை காம்போடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் சிறகு இறங்கும். கசக்கினால் வெள்ளரி வாசம் வராது. சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. பூக்கும்வரை விட்டுவைத்துப் பாருங்கள். நீல நட்சத்திரம் கண்ணில் படாத எந்தச் செடிக்கும் ‘போரேஜ்’ என்று பெயர் சூட்டாதீர்கள். இரண்டு செடியையும் ஒரே பாத்தியில் வைக்கவும் வேண்டாம். இரண்டுமே தானாக விதை சிந்தி முளைப்பவை. அடுத்த ஆண்டு எது எங்கே முளைக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, காம்ஃப்ரே. இதுவும் போரேஜின் குடும்பம், இலையும் அதே மாதிரிச் சொரசொரப்பு. இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் ‘காம்ஃப்ரே டீ’ என்று அடிக்கடி சொல்வார்கள். அது தக்காளிச் செடிக்கு ஊற்ற இலையை ஊறவைத்து நாறவிட்ட உரத் தண்ணீர். பெயரைக் கேட்டுவிட்டு யாரும் கோப்பையில் ஊற்றிவிடாதீர்கள்! காம்ஃப்ரே கலந்த உணவு மாத்திரைகளைக் கடையிலிருந்து எடுத்துவிடும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001-இல் தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. காரணம் இதே ஆல்கலாய்டுகள்.

நம் ஊரிலும் இந்தக் குடும்பத்துக்கு ஆள் உண்டு. ஆற்றோரத்திலும் வாய்க்கால் கரையிலும் தேளின் வால் சுருண்டாற்போலப் பூங்கொத்து நீட்டி நிற்குமே தேள்கொடுக்கு, அது போரேஜ் குடும்பம்தான், இதே ஆல்கலாய்டுகளும் உள்ளன. யுனானியில் காவ்ஸபான் என்று சொல்லும் மூலிகைக்கு இந்தியச் சந்தையில் வருவது ஒனோஸ்மா என்ற இன்னொரு உறவுக்காரச் செடி. இவற்றை வீட்டு வைத்தியமாக நீங்களே அரைத்துக் குடிக்கிற வேலை வேண்டாம். படித்த வைத்தியரிடம் கேட்டு, கல்லீரல் விஷயத்தையும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

போரேஜ் விதை எண்ணெய் மாத்திரை விழுங்குகிறவர்களும் கேளுங்கள். தோல் அரிப்புக்கும் மூட்டு வலிக்கும் என்று விற்கிறார்கள். அதில் காமா லினோலெனிக் அமிலம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும் என்பது உண்மை. நல்ல தயாரிப்பாளர் ஆல்கலாய்டை நீக்கிச் சோதித்து, அதை லேபிளில் எழுதியிருப்பார். அந்த வரி இல்லாத குப்பியை வாங்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், வலிப்பு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. வீட்டில் விளைந்த விதையைச் செக்கில் கொடுத்து ஆட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

அப்படியானால் போரேஜை எதற்கு வளர்ப்பது? தேனீக்காக. பூசணி, சுரை, வெள்ளரி, ஸ்ட்ராபெரி போட்டிருக்கிறவர்கள் பாத்தி ஓரத்தில் நாலு போரேஜ் வைத்துப் பாருங்கள், காய்ப்பிடிப்புக்கு வரும் தேனீ கூடும். ஒரு தேனீ உறிஞ்சிவிட்டுப் போன பூவில் சில நிமிடத்தில் மறுபடி தேன் ஊறிவிடும் என்பதால் அவை திரும்பத் திரும்ப வரும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் ஏப்ரல், மே மாதத்தில் நேரே நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். ஆணிவேர் இறங்கும் செடி, பிடுங்கி நட்டால் முகம் சுளிக்கும். எட்டு வாரம் போல ஆனால் பூக்கும். இரண்டு, மூன்று அடி உயரம் வரும், காற்றில் சாயும். தமிழ்நாட்டில் மலைப்பகுதியிலோ, சமவெளியானால் மழை ஓய்ந்த குளிர்ப் பருவத்திலோ போட்டுப் பார்க்கலாம். நம் கோடை அதற்கு ஒத்துவராது. தொட்டியில் வைத்தால் ஆழமான தொட்டி வேண்டும்.

கையுறை போட்டுக்கொண்டு செடியைத் தொடுங்கள், அந்த மயிர் சிலருக்குத் தோலில் தடிப்பைக் கிளப்பும். பூ வாடியதும் தண்டை நறுக்கிவிடாவிட்டால் விதை கொட்டி அடுத்த ஆண்டு தோட்டமே போரேஜ் காடாகிவிடும். நறுக்கியதை எருக்குழியில் போடலாம், கீரைக் கட்டுகள் வைக்கும் கூடையில் மட்டும் போடாதீர்கள். முக்கியமாக, செடிப் பக்கத்தில் தமிழில் பலகை எழுதி வையுங்கள்: ‘போரேஜ். தேனீக்கு. சமைக்காதீர்கள்.’ ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மாவும் மாமியாரும் காலையில் எழுந்ததும் கத்தியும் கூடையுமாகத் தோட்டத்துக்குத்தான் போவார்கள். அவர்களுக்கு ஆங்கில லேபிள் உதவாது. முளைக்கீரை, பருப்புக்கீரைப் பாத்தியிலிருந்து இதைத் தள்ளியே வையுங்கள்.

விருந்து நாளில் சர்பத்தில் அழகுக்கு ஒன்றிரண்டு பூ போடலாமா என்றால், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு எப்போதாவது போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பூவின் பின்னாலிருக்கும் மயிர் நிறைந்த பச்சைப் பகுதியைக் கிள்ளி எறிந்துவிட்டு நீல இதழை மட்டும் எடுங்கள். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அதுவும் வேண்டாம்.

மாதக்கணக்கில் இலையைச் சாப்பிட்டு வந்தவர்கள் நிறுத்திவிட்டு, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சொல்லிவிடுங்கள். கல்லீரல் ரத்தப் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவு செய்யட்டும். வலது விலாவுக்குக் கீழே வலி, வயிறு உப்பிக்கொண்டே போவது, திடீரென எடை ஏறுவது, கால் வீக்கம், கண் மஞ்சளாவது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த முறை வரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். “மூலிகை ஏதாவது எடுத்தீர்களா?” என்று மருத்துவர் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். நாம் கீரையை மூலிகைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால்தான் நோயின் காரணம் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

என்ன இலை என்று தெரியாமல் யாராவது சாப்பிட்டு, சில மணி நேரத்தில் வாந்தி, தலைச்சுற்றல், பார்வையில் மஞ்சள் படர்வது, நாடித்துடிப்பு மந்தமாவது என்று கண்டால் அது ஃபாக்ஸ்குளோவாக இருக்கலாம். ஒரு நிமிடம்கூட வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். இங்கிலாந்தில் 999, கனடாவிலும் அமெரிக்காவிலும் 911, தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்று உடனே அழையுங்கள். சட்டியில் மிஞ்சியதையும், தோட்டத்தில் பறித்த அதே செடியின் இலையோடு கூடிய ஒரு தண்டையும் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். இந்த விஷத்துக்கு எதிர்மருந்து உண்டு. எந்தச் செடி என்று மருத்துவருக்கு எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ, அவ்வளவு சீக்கிரம் அதை ஏற்றுவார்கள்.